அரை டின் பெயிண்டுக்கு ஒரு கேட் பாஸ்

ஓசூருக்கு வடக்கே, தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் தொடங்குகிற இடத்தில் ஹேமகிரி பிரேக்ஸ் என்றொரு கம்பெனி இருக்கிறது. ஓடுகிற வண்டிகளை நிறுத்துவதற்கான சாமான்களைச் செய்வது அதன் தொழில். தொழில் பழக்கத்தில் உள்ளே தொடங்குகிற வேலைகளையும் நிறுத்திவிடுவார்கள் என்று பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் கேலி பேசுவதுண்டு. இது அநியாயம். எந்த வேலையையும் அவர்கள் நிறுத்தியதாகச் சரித்திரம் இல்லை. முடித்ததாகவும் இல்லை.

கம்பெனி வாசலில் பச்சை நிறத்தில் பெரிய பலகை இருக்கும். ‘இது கழிவே இல்லாத தொழிற்சாலை’ என்று தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதியிருப்பார்கள். எப்படிக் கழிவே இல்லாமல் போயிற்று என்று கேட்டால், அது எளிது. இரும்புத் தூளுக்கு ‘மறுவருகை மூலப்பொருள்’ என்று பெயர் வைத்தார்கள். அழுக்கு எண்ணெய்க்கு ‘ஓய்வுபெற்ற எண்ணெய்’ என்று பெயர் வைத்தார்கள். கேண்டீனில் மிஞ்சிய சாம்பார் மறுநாள் சாம்பாரானது. இவ்வாறு ஒரே நிதியாண்டில் கழிவு ஒழிந்து, அதற்காக ஒரு கேடயமும் வந்து சேர்ந்தது.

இந்தக் கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸைப் பார்த்துக்கொள்பவர் ராயப்பன். கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் எலத்தகிரிக்காரர். அறைகளைத் திறப்பது, போர்வை மாற்றுவது, வெளிநாட்டு விருந்தாளிகளுக்குக் காரம் போடாமல் சமைப்பது என்று இருந்தவர். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர். அப்படிப்பட்டவரைத்தான் கம்பெனி தேடிப் பிடித்தது.

கெஸ்ட் ஹவுஸின் பின்பக்கம் மரப்பலகையால் ஒரு டெக் உண்டு. எம்.டி. ஏதோ குளிர்நாட்டுக்குப் போனபோது அங்கே ஒரு வீட்டின் பின்னால் பலகைத் தளம் போட்டு, அதில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தாராம். திரும்பி வந்ததும் நமக்கும் அது வேண்டும் என்றார். நமக்கும் பின்னால் ஏரி இருந்தது. அதில் நுரை பொங்குவதால் நாற்காலிகளை ஏரிக்கு முதுகு காட்டிப் போட்டார்கள். சில வருஷத்து வெயிலிலும் மழையிலும் பலகை வெளுத்து, சிம்பு சிம்பாகக் கிளம்பி, போன தடவை வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவரின் உள்ளங்காலில் ஏறிவிட்டது. ஈஸ்டர் முடிந்ததும், பிரேக் வாங்குகிற அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் ஆடிட் குழு மறுபடியும் வருகிறது. அதற்குள் டெக் புதிதாக வேண்டும் என்று உத்தரவு.

தளியிலிருந்து சென்னப்பன் என்ற பெயிண்டர் வந்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர், வேலையில் எல்லா மொழியும் பேசுவார். அவரும் ராயப்பனும் சேர்ந்து பலகையைத் தேய்த்துக் கழுவினார்கள். நன்றாகக் காயவிட்டார்கள். தூக்கிக்கொண்டிருந்த ஆணிகளை இறக்கி, உப்புத்தாள் போட்டு இழைத்து, தூசியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, தேக்கு நிறத்தில் மரத்துக்கான எண்ணெய் பெயிண்டை இரண்டு கோட் அடித்தார்கள். எண்ணெய்த் துணிகளைக் குவித்து வைத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் என்று சென்னப்பன் அவற்றை வேலியில் விரித்துக் காயப்போட்டார். டெக் அழகாக வந்திருந்தது. ராயப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் இரண்டு நடை நடந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

டின்னில் பாதி மிச்சம் இருந்தது.

“அண்ணா, மிச்சத்த எனக்குக் குடுத்துடுங்க. ஊட்டுக் கதவு மழையில ஊறிக் கெட்டுப்போயிருக்குது, அடிச்சுக்கறேன்” என்றார் சென்னப்பன்.

வேறு எந்த ஊரில், வேறு எந்த மனிதராக இருந்தாலும் கொடுத்திருப்பார். கதை இங்கேயே முடிந்திருக்கும். ராயப்பன் ஹேமகிரி பிரேக்ஸில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். கம்பெனிப் பொருள் என்றால் ஒரு திருகாணியைக்கூடக் கேட்காமல் தொடமாட்டார். “இருங்க, சேஃப்டி ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேன்” என்று போனார். அந்தக் கேள்விதான் அவர் செய்த பிழை.

சேஃப்டி மேனேஜர் மோகன்குமார் கேள்வியைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். “மிச்ச பெயிண்ட்டா? அது ஆபத்தான கழிவு ராயப்பன். மண்ணுல கொட்டக்கூடாது. சாக்கடையில ஊத்தக்கூடாது. குப்பையில போடக்கூடாது. வெளியாளுக்கும் குடுக்கக்கூடாது.”

“சரிங்க சார். அப்ப என்னங்க பண்றது?”

“நல்ல கேள்வி” என்றார் மோகன்குமார். ஹேமகிரி பிரேக்ஸில் ஒரு கேள்வி நல்ல கேள்வியாக இருந்தால் அதற்குப் பதில் சொல்ல மாட்டார்கள். கமிட்டி போடுவார்கள்.

கமிட்டி கூடியது. இப்படிப்பட்ட கழிவுகளைப் பத்திரமாக வாங்கி அழிப்பதற்கென்றே அரசாங்க அனுமதி பெற்ற இடம் இருக்கிறதே, அங்கே அனுப்பினால் என்ன என்று கணக்குப் பிரிவிலிருந்து வந்த புது ஆள் ஒருவர் கேட்டார். எல்லோரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். மோகன்குமார் பொறுமையாக விளக்கினார். “அனுப்பினா நம்மகிட்ட கழிவு இருந்துச்சுன்னு ஆயிடும். வாசல்ல என்ன போர்டு வச்சிருக்கோம்? போர்டுக்கு மரியாதை வேண்டாமா?”

கையைக் கட்டிக்கொண்டு நின்ற ராயப்பன் தயங்கித் தயங்கி, “டெக்குக்கே இன்னொரு கோட் அடிச்சுத் தீத்துடலாங்களா சார்?” என்றார். நடைமுறைக் குறிப்பில் இரண்டு கோட் என்று இருக்கிறது, மூன்றாவது கோட் விதிவிலக்கு, விதிவிலக்குக்கு வாடிக்கையாளரின் ஒப்புதல் வேண்டும், வாடிக்கையாளரோ பிரேக் வாங்குகிறவர், பெயிண்டைப் பற்றி அவரிடம் எப்படிக் கேட்பது என்று அதுவும் தள்ளப்பட்டது.

பிறகு ஒரு புதுச் சிக்கல் கிளம்பியது. டெக்கின் அடியில் மாநில எல்லைக்கல் ஒன்று இருந்தது. காபி குடிக்க இடம் போதவில்லை என்று பலகையைக் கல்லுக்கு அந்தப் பக்கமும் நீட்டியிருந்தார்கள். ஆகவே டெக்கில் ஒரு பங்கு தமிழ்நாட்டிலும் மறுபங்கு கர்நாடகத்திலும் இருந்தது. ஆபத்தான கழிவு ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குத் தனி அனுமதி வேண்டும். டின்னில் இருப்பது எந்தப் பக்கத்து மிச்சம் என்ற கேள்வி எழுந்தது. சென்னப்பனைத் தளியிலிருந்து வரவழைத்து விசாரித்தார்கள்.

“எந்தப் பக்கத்துலருந்து அடிக்க ஆரம்பிச்சீங்க?”

“நெழலு இருந்த பக்கத்துலருந்துங்க சார்.”

“அது தமிழ்நாடா, கர்நாடகாவா?”

“வெயிலு நகர நகர நெழலும் நகருதுங்களே. நானும் கூடவே நகந்து ரெண்டு பக்கமும் அடிச்சேனுங்க.”

இந்தப் பதில் விஷயத்தை மேலும் சிக்கலாக்கிவிட்டது என்று பதிவு செய்துகொண்டு அவரை அனுப்பிவைத்தார்கள்.

அடுத்தது ‘ஏன்-ஏன்’ ஆய்வு. இது ஹேமகிரி பிரேக்ஸின் உயர்ந்த சடங்கு. ஒரு தவறு நடந்தால் ஐந்து தடவை ஏன் என்று கேட்க வேண்டும், ஐந்தாவது ஏன் வரும்போது மூலகாரணம் தானே வெளியே வந்து நிற்கும் என்பது ஐதீகம். வெள்ளைப் பலகையில் மோகன்குமார் எழுதினார். பெயிண்ட் ஏன் மிஞ்சியது? பெரிய டின் வாங்கியதால். ஏன் பெரிய டின் வாங்கினோம்? அந்த நிறத்தில் சின்ன டின் கிடைக்காததால். ஏன் அந்த நிறம்? டெக்குக்கு அந்த நிறம்தான் பொருந்தும் என்பதால். டெக் ஏன் இருக்கிறது? எம்.டி. கேட்டதால். மோகன்குமாரின் கை அங்கே நின்றது. ஐந்தாவது ஏன் எம்.டி.யைப் பார்த்துக் கேட்க வேண்டியிருந்தது. பிறகு அவர் பலகையை அழித்துவிட்டு, ‘மூலகாரணம்: ராயப்பன்’ என்று எழுதினார். எல்லோருக்கும் மூச்சு திரும்பி வந்தது.

மூலகாரணத்திடமே டின் ஒப்படைக்கப்பட்டது. ராயப்பன் ‘ஆபத்துப் பொருள் காப்பாளர்’ ஆனார். கெஸ்ட் ஹவுஸ் வரவேற்பறையில் தரையில் மஞ்சள் கோடு போட்டு, நடுவில் கண்ணாடி அலமாரி வைத்து, அதற்குள் டின்னை வைத்தார்கள். அதன் மேல் மண்டையோட்டுப் படம் ஒட்டினார்கள். பக்கத்தில் தீயணைப்பான் ஒன்று வந்தது. தீயணைப்பானை யாரும் எடுத்துக்கொண்டு போகாமலிருக்க அதற்கொரு பூட்டு வந்தது.

மார்ச் மாதம் பாதுகாப்பு வாரம். எம்.டி. வந்து அலமாரிக்கு ரிப்பன் வெட்டினார். யாரோ பழக்கத்தில் டின்னுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டிருந்தார்கள். எம்.டி. பேசினார்: “இந்த டின்ன பாருங்க. இது பெயிண்ட் இல்ல, நம்ம மனசாட்சி. இதுலருந்து ஒரு சொட்டுகூட வெளிய போகலன்னு நான் எங்க வேணும்னாலும் சொல்வேன். நமக்குப் பின்னாடி ஏரியில நுரை வருதுன்னு சில பேர் பேசறாங்க. நுரை ஏரியில இருக்கு. நாம காம்பவுண்டுக்குள்ள இருக்கோம். காம்பவுண்டுக்குள்ள நுரை இருக்கா? இல்ல. அதான் நம்ம சாதனை.” கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

ராயப்பனும் கைதட்டினார். ஆனால் அவர் மனசு அங்கே இல்லை. ஈஸ்டருக்கு அடுத்த வாரம் எலத்தகிரியில் அவருடைய மகள் அருள்செல்விக்குக் கல்யாணம். கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க ஏற்பாடாகிவிட்டது. பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது. லீவு மட்டும் பாக்கி.

ஹெச்.ஆர். மேனேஜர் ரஞ்சிதா விண்ணப்பத்தைப் பார்த்து நிஜமாகவே முகம் மலர்ந்தார். “பொண்ணுக்குக் கல்யாணமா, ரொம்ப சந்தோஷம் ராயப்பன். ஆனா டின்னுக்கு யார் இருக்காங்க?”

“அது அலமாரிக்குள்ளதானுங்க மேடம் இருக்குது. எங்கயும் போவாது.”

“அப்படிச் சொல்லக்கூடாது. காப்பாளர் இல்லாம டின் ஒரு நாள்கூட இருக்கக்கூடாதுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. வேற ஆள்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போங்க.”

வேறு ஆள் யாரும் வாங்கவில்லை. வாங்க வேண்டுமானால் பயிற்சி முடித்திருக்க வேண்டும். பயிற்சியை அனுபவம் உள்ளவர்தான் தர வேண்டும். டின் காத்த அனுபவம் கம்பெனியிலேயே ராயப்பனுக்குத்தான் உண்டு. அவர் பயிற்சி தரலாம், ஆனால் அதற்கு முன் பயிற்சியாளர்களுக்கான பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தப் பயிற்சிக்குத் தேதி போட்டிருந்தார்கள். கல்யாணத்தன்று.

அன்று சாயங்காலம் மகள் போனில் கூப்பிட்டாள். “லீவு கெடச்சுதாப்பா?”

“கெடைக்கும்மா. பேசிட்டிருக்கறாங்க.”

“போன கிறிஸ்துமஸுக்கும் இப்படித்தாஞ் சொன்னீங்க. நீங்க வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவலன்னா நான் கோவிலுக்குள்ள கால் வெக்க மாட்டேன். மாப்பிள்ள வூட்டுக்காரங்க என்ன வேணும்னாலும் நெனச்சுக்கட்டும்.”

ராயப்பன் போனை வைத்தார். விருந்தாளிக்குப் போர்வை போதவில்லை, தண்ணீர் சூடாக இல்லை என்று எத்தனையோ நல்லநாளை இந்தக் கட்டடத்தில் கழித்திருக்கிறார். மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்குக்கூடப் பூசை முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார். இந்த ஒரு நாளையும் பாதி டின் பெயிண்டுக்குக் கொடுக்க அவரால் முடியாது. மறுநாள் மோகன்குமாரிடம் போய் நின்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன பேசுகிறோம் என்று தெரியாமலே பேசினார்.

“அப்ப அந்த டின்னையும் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போயிடறேங்க சார். எனக்கு வேற வழி தெரியல.”

மோகன்குமார் சிரிப்பார் என்று ராயப்பன் எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். முகத்தில் வெளிச்சம் வந்தது.

“இதுல ஒரு தப்பும் இல்லையே ராயப்பன். வெளிய போயிட்டுத் திரும்பி வர்ற சாமானுக்குத் தனி கேட் பாஸ் இருக்கு. ‘சூழல் தாங்குதிறன் பரிசோதனை, இடம் எலத்தகிரி’ன்னு போட்டுக்கலாம். கூடப் போற ஆளுக்கு லீவே வேண்டாம், நீங்க டூட்டி. ஒண்ணு மட்டும், பாதுகாப்புக் கவசம் போட்டிருக்கணும். டின் போன மாதிரியே திரும்பி வரணும்.”

இவ்விதமாக ராயப்பன் தம் மகளின் திருமணத்துக்குப் பணி நிமித்தம் புறப்பட்டார். வாசலில் செக்யூரிட்டி மதுரைவீரன் டின்னை எடைத் தராசில் வைத்து எடை எழுதிக்கொண்டு, தலைக்கவசம், கண்ணாடி, முகமூடி, கையுறை எல்லாம் சரிபார்த்தார். “மொய் எழுதப் போறீகளா, குண்டு வைக்கப் போறீகளாண்ணே?” என்று கேட்டுவிட்டு சல்யூட் அடித்தார். கிருஷ்ணகிரி பஸ்ஸில் முகூர்த்த நாள் கூட்டம். மண்டையோட்டைப் பார்த்ததும் மூன்று பேர் சீட் முழுவதும் ராயப்பனுக்கே கிடைத்தது. சூளகிரியில் ஏறிய பூக்காரம்மா ஒருவர் மட்டும் எட்ட நின்றபடி, “பாவம், என்ன நோவோ” என்றார்.

கோவில் வாசலில் வெள்ளைப் புடவையும் முக்காடுமாக நின்றிருந்த அருள்செல்வி தலைக்கவசமும் முகமூடியுமாக வந்த உருவத்தைப் பார்த்தாள். அது அப்பா என்று தெரிய ஒரு நிமிஷம் ஆனது. சிரித்தாள். பிறகு அழுதாள்.

“அந்தக் கையுறைய மட்டும் கழட்டுங்கப்பா.”

அது விதிமீறல். ராயப்பன் கழற்றினார். ஒரு கையில் மகளின் கை, மறுகையில் டின். பாடகர் குழு பாட, தலைக்கவசத்தோடு பீடம் வரை நடந்து போனார். மாப்பிள்ளை வீட்டார் இது என்ன வழக்கம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். ஓசூர் பக்கம் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு இப்படித்தான் என்று யாரோ சொன்னதும் சமாதானமானார்கள்.

பூசை முடிந்ததும் கோவில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் வந்து டின்னைத் தட்டிப் பார்த்தார். “என்ன இது ராயப்பா?”

“மரத்துக்கு அடிக்கிற பெயிண்ட்டுங்க. பாதி மிஞ்சிடுச்சு. அத என்ன பண்றதுன்னுதான் கம்பெனியில பெரிய பேச்சு.”

உபதேசியாருக்கு இது விளங்கவில்லை. “என்ன பண்றதுன்னா? அடிக்கறதுதான். நம்ம கோவில் சாமியார் வூட்டுக் கதவு வெளுத்துப்போயி மூணு மழ ஆச்சு.”

ராயப்பன் மகளைப் பார்த்தார். அவள் சோற்றுப் பந்தியில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அன்றைக்கு யார் மேலும் பயம் இல்லை. டின்னை நீட்டினார். இரண்டு பக்கத்துச் சித்தப்பன் பெரியப்பன்மாரும் சட்டையைக் கழற்றிவிட்டு, யாரோ கொண்டுவந்த உப்புத்தாளால் கதவைத் தேய்த்தார்கள். கடைசிப் பந்தி எழுவதற்குள் கதவு தேக்கு நிறத்தில் நின்றது. டின்னில் ஒரு சொட்டு மிச்சமில்லை. ஹேமகிரி பிரேக்ஸ் கமிட்டியால் மாதக்கணக்கில் முடியாத காரியம் ரசத்துக்கும் மோருக்கும் நடுவே முடிந்துவிட்டது.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போதுதான் பகீரென்றது. டின் போன மாதிரியே திரும்பி வர வேண்டும். கோவில் கிணற்றில் தண்ணீர் மொண்டு, கையில் தூக்கிப் பார்த்து, அதே கனம் வருகிறவரை ஊற்றி மூடியை அழுத்தி அடித்தார். வழியெல்லாம் மாதாவை வேண்டிக்கொண்டே வந்தார். மதுரைவீரன் டின்னைத் தராசில் வைத்தார். முள் ஒரு பக்கமாக ஆடியது. அவர் முள்ளைப் பார்க்கவில்லை. போகும்போது எழுதிய எடையைப் பார்த்து அதையே எழுதினார். வெளியே போய்த் திரும்பி வருகிற எல்லாச் சாமானுக்கும் ஹேமகிரி பிரேக்ஸில் அப்படித்தான்.

ஆடிட் குழு வந்தது. டெக்கில் வெறுங்காலோடு நடந்தது, ஒரு சிம்பும் ஏறவில்லை. கண்ணாடி அலமாரியின் முன் நின்று, மண்டையோட்டையும் பூட்டிய தீயணைப்பானையும் பார்த்து, பயணம் போய்வந்தும் எடை மாறவில்லை என்ற தகவலைக் கேட்டு அசந்துபோனது. இவ்வளவு பொறுப்பை எங்கள் நாட்டில்கூடப் பார்த்ததில்லை என்றார்கள். இன்னொரு கேடயம் வந்தது. தண்ணீருக்கு மறுபடியும் மாலை போட்டார்கள்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் மோகன்குமார் தனியாக கெஸ்ட் ஹவுஸுக்கு வந்தார். கண்ணாடி அலமாரியைத் திறந்து டின்னை எடுத்துக் குலுக்கினார். பெயிண்ட் அப்படிச் சலசலக்காது. அவருக்கும் காது இருந்தது. ஸ்பூனால் மூடியை நெம்பித் திறந்தார். ராயப்பன் சமையல்கட்டிலிருந்து வந்து நின்றார்.

“எங்க போச்சு?”

“சாமியார் வூட்டுக் கதவுலங்க சார்.”

“நல்லா வந்திருக்குதா?”

“பளபளன்னு இருக்குதுங்க.”

மோகன்குமார் தலையாட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் அங்கே உட்கார்ந்து ராயப்பன் பார்த்ததில்லை.

“எங்கம்மா சேலத்துல படுத்த படுக்கையா இருக்காங்க ராயப்பன். லீவே எடுக்காத டிபார்ட்மெண்டுன்னு எம்.டி. எனக்கு வருஷா வருஷம் கேடயம் குடுக்கறாரு. இந்த வருஷமும் மேடை போட்டாச்சு, ஊருக்குப் போறேன்னு எப்படிக் கேக்கறது? அம்மா போன்ல எப்ப வர்றேன்னு கேக்கறதயே விட்டுட்டாங்க.”

ராயப்பன் உள்ளே போய்த் தம் தலைக்கவசத்தையும் முகமூடியையும் எடுத்துவந்து மேஜை மேல் வைத்தார். மோகன்குமார் சட்டைப்பையிலிருந்து கேட் பாஸை எடுத்தார். ‘சூழல் தாங்குதிறன் பரிசோதனை, இடம் சேலம்’ என்று அது முன்பே எழுதித் தயாராக இருந்தது. ஹெச்.ஆர். ரஞ்சிதாவும் அடுத்த வாரம் டின் கும்பகோணம் போக முடியுமா என்று விசாரித்ததாகச் சொன்னார். தங்கைக்கு வளைகாப்பாம்.

மோகன்குமார் மூடியை நன்றாக அழுத்தி மூடினார். டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்து குரலைத் தணித்தார்.

“உள்ள இருக்கறது தண்ணின்னு யாருக்கும் தெரிய வேண்டாம் ராயப்பன். தெரிஞ்சா நம்மள ஒருத்தரையும் வீட்டுக்கு விடமாட்டாங்க.”